வீட்டருகே புதிய மேம்பாடா? காஜாங் மக்கள் சரிபார்க்க வேண்டியவை

காஜாங்: காஜாங், செமினி, பாங்கி வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல இன்று தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. பக்கத்து நிலத்தில் புதிய வீடமைப்புத் திட்டம் வந்தால், அது விதிமுறைக்கு உட்பட்டதா என்பதை எப்படி அறிவது?

அடிப்படைச் சட்டம்

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டமே (சட்டம் 172) இதற்கு அடிப்படை. திட்டமிடல் அனுமதி (கெபெனாரான் மெரஞ்சாங்) இன்றி மேம்பாட்டைத் தொடங்க முடியாது. இங்கே அதை வழங்குவது காஜாங் நகராண்மைக் கழகம்.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளூர்த் திட்டம் (ரஞ்சாங்கான் தெம்பாத்தான்). எந்த நிலம் வீடமைப்புக்கு, எது தொழிற்சாலைக்கு, எது திடலுக்கு என்பதை அதன் வரைபடம் காட்டும். அதற்கு முரணான திட்டத்திற்கு ஊராட்சி மன்றம் அனுமதி தரக்கூடாது என்கிறது 22(4) பிரிவு.

யார் ஆட்சேபிக்கலாம்?

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில், அண்டை நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்தவர்கள், முடிவு கிடைத்த ஒரு மாதத்திற்குள் மேல்முறையீட்டு வாரியத்திற்கும் செல்லலாம்.

இங்கே 'உரிமையாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும், பட்டா இல்லாத தோட்டக் குடியிருப்பு மக்களுக்கும் அந்த அறிவிப்பு வராது.

உள்ளூர்த் திட்டம் உள்ள இடங்களில் இந்த அறிவிப்பைச் சட்டம் 172 கட்டாயமாக்கவில்லை. ஆகவே, அத்திட்டத்தின் வரைவோ திருத்தமோ பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலமே முக்கியம். அப்போது கருத்துரைக்க யாருக்கும் உரிமை உண்டு. அவகாசம் நான்கு வாரத்திற்குக் குறையாது.

ரிம்பா கியாரா தரும் பாடம்

கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாராவில், பொதுப் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிரந்தர வீடுகளும் அதே திட்டத்தில் அடங்கியிருந்தன. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் இருந்தாலும், 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மற்ற ஊர்களுக்கும் பாடம். நகர அமைப்புத் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம், அதிலிருந்து விலகினால் காரணம் கூற வேண்டும் என்று அது சொன்னது. அனுமதி ரத்தானது.

தோட்டக் குடும்பங்களின் வீட்டுக் கோரிக்கை நியாயமானது. ஆனால் விதியை மீறிய திட்டத்தோடு அதைச் சேர்த்துக் கட்டியதால், காத்திருப்பு நீண்டது அவர்களுக்குத்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நிலத்தின் லோட் எண்ணுடன் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவில் இவற்றைக் கேளுங்கள்:

• உள்ளூர்த் திட்டத்தில் இந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது?
• ஏக்கருக்கு எத்தனை வீடுகள் அனுமதிக்கப்படுகின்றன?
• திட்டமிடல் அனுமதி கிடைத்துவிட்டதா? எப்போது? ஓராண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு பெறாத அனுமதி காலாவதியாகும்.
• நிலப் பயன்பாட்டு மாற்றத்திற்கு மாநில அரசு ஒப்புதல் தந்துள்ளதா?

எதையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். மனுவின் நகலில் கழகத்தின் முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.