தறிவீட்டில் தாயும் தந்தையும்: செவித்திறன் குறைந்த குழந்தைகளின் ஆரம்பநிலைப் பயிற்சியும் காஞ்சிபுரம் நெசவுக் குடும்பங்களும்

செவித்திறன் குறைவோடு பிறக்கும் குழந்தைக்கு மொழி தானாக வந்து சேர்வதில்லை. பிற குழந்தைகள் அடுப்படிப் பேச்சிலும் தெருச் சண்டையிலும் போகிற போக்கில் பொறுக்கிக்கொள்ளும் சொற்களை இக்குழந்தைக்கு யாரேனும் திட்டமிட்டுக் கொண்டுசேர்க்க வேண்டும். பயிற்றுநர் வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் உடனிருக்கிறார். எஞ்சிய நேரம் முழுவதும் குழந்தை இருப்பது வீட்டாரிடம். இத்தகைய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்பதால், அந்த வீட்டாருக்கும் இது முன்பின் பழக்கமில்லாத வேலை. எனவேதான் ஆரம்பநிலைப் பயிற்சி என்பது பாதிக்கு மேல் பெற்றோருக்கான பயிற்சியாக இருக்கிறது. நடைமுறையில் 'பெற்றோர்' என்று எழுதப்படும் இடத்திலெல்லாம் 'தாய்' என்றே வாசிக்கப்படுகிறது. தந்தை காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் குடும்பத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு, தந்தை பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் காஞ்சிபுரம் நெசவுக் குடும்பத்துக்குப் பொருந்துவதில்லை. ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

பெற்றோரின் ஈடுபாடு எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஆறு மாத வயதுக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், பின்னர் கண்டறியப்பட்டவர்களினும் தெளிவாக மேம்பட்டிருந்ததை 1998இல் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் உடனாய்வாளர்களும் கொலராடோவில் காட்டினர். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்னும் 1-3-6 நெறி உலகெங்கும் பரவியது. 2000இல் மேரி பாட் மொல்லர், நெப்ராஸ்காவில் 112 குழந்தைகளை ஐந்து வயதில் ஆராய்ந்தபோது, சொல்வளத்தை நிர்ணயித்தவற்றுள் குடும்பத்தின் ஈடுபாடே முதலிடம் பெற்றது. பயிற்சி தொடங்கிய வயது அதற்கு அடுத்தே வந்தது. அதே ஆண்டில் ரோஸ்மேரி கால்டெரான் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருத்தம் செய்கிறது. பள்ளி நடவடிக்கைகளில் பெற்றோர் கலந்துகொள்வதைவிட, குழந்தையோடு உரையாடும் தாயின் திறனே கூடுதலாகப் பயனளித்தது. மையத்துக்கு வந்து கையெழுத்திட்டுப் போவதால் குழந்தைக்கு மொழி வந்துவிடாது.

தமிழ்நாட்டில் இந்த அறிவு நூலில் வருமுன்பே நடைமுறையில் இருந்தது. சென்னை அடையாறில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தாயும் நாள்தோறும் வகுப்பில் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கட்டணமின்றிப் பயிற்றுவித்து வருகிறது. தாய் அங்கு மாணவி. வீடு திரும்பியதும் ஆசிரியை. பயிற்சி முடித்த பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் சேர்கின்றனர். இம்முறையின் வெற்றியில் ஐயமில்லை. ஆனால் வெளியூர்க் குடும்பத்துக்கு அதன் விலை பெரிது: தாய் பிள்ளையோடு சென்னையில் வாடகை வீட்டில் தங்க, தந்தை ஊரில் பிழைப்பைப் பார்க்கிறார். இந்தப் பிரிவினை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மகன் ஜானுக்குக் காது கேளாது. மகனுக்குப் பேச்சைக் கற்பித்தவரும், 1942இல் லாஸ் ஏஞ்சலிசில் ஜான் டிரேசி கிளினிக்கை நிறுவிப் பெற்றோருக்கு இலவச அஞ்சல்வழிப் பாடம் அனுப்பியவரும் தாய் லூயிஸ் டிரேசியே. தந்தையிடமிருந்து புகழும் பொருளும் வந்தன.

அரசுத் திட்டங்கள் பின்னர் வந்தன. தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் 2007இலும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை உள்ளடக்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இலும் தொடங்கின. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பல லட்ச ரூபாய் செலவாகும் அறுவையை ஏழைக் குடும்பத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது எளிய சாதனையன்று. எனினும் கருவி ஒலியைத்தான் கொடுக்கும்; அந்த ஒலியைச் சொல்லாக்கும் வேலை பிறகுதான் தொடங்குகிறது, அதற்கு ஆண்டுகள் ஆகும்.

பாலாற்றங்கரையை ஒட்டிய ஓரிக்கை, காஞ்சிபுரம் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. வெளியூரார் அதை மகா பெரியவர் மணிமண்டபத்தாலும் அரசுப் பேருந்துப் பணிமனையாலும் அறிவர். இவ்வட்டாரத்தின் பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டு நெசவு. முன்கூடத்தில் குழித்தறி, மேலே ஜக்கார்டுப் பெட்டி, மூலையில் தார் சுற்றும் ராட்டை; மீதமுள்ள இடத்தில்தான் சமையலும் படுக்கையும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு வரிக்கு வரி பிணைக்கப்படுவதால், நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தர வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி.

இங்கேதான் திட்டம் வகுப்போர் கவனிக்காத கணக்கு இருக்கிறது. பயிற்சிக்காகத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினால், அன்று நிற்பது ஒருவர் வேலை மட்டுமன்று, தறியே நிற்கிறது. கூலி சேலைக்கு இவ்வளவு என்பதால், வாரம் இரண்டு நாள் தறி நின்றால் சேலை இறங்கும் நாள் தள்ளிப்போகும். வேலை கொடுக்கும் மாஸ்டர் வீவரிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். மூன்று நான்கு மாதங்களில் வருகை குறையும்போது பதிவேட்டில் 'தாயின் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிடுவது எளிது. ஒத்துழைப்பு இல்லாதது திட்டத்துக்கும் தறிக்கும் இடையில்தான்.

இதே தறிவீடு, பல தொழிலாளர் குடும்பங்களுக்கு வாய்க்காத ஒரு வசதியையும் தருகிறது. தந்தை நாள் முழுவதும் குழந்தையின் கண்ணெதிரில் இருக்கிறார். குழிக்குள் கால்களை இறக்கித் தரையோடு தரையாக அமர்ந்திருப்பதால், தவழ்ந்தும் தளர்நடையிட்டும் வரும் குழந்தைக்கு அவர் முகம் ஏறத்தாழ நேர்மட்டத்தில் தெரிகிறது. இதழசைவைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நிலை இல்லை. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். தறியோரம் நிற்கும் குழந்தைக்கும் தந்தையின் வாய்க்கும் இடையே ஒரு முழம்கூட இராது. மேலும், கடும் செவித்திறன் குறைவிலும் தாழ்ந்த அதிர்வெண்களில் ஓரளவு கேள்வி எஞ்சியிருப்பதுண்டு. ஆணின் குரல் அந்த எல்லைக்குள் விழுவதால், காது மெஷின் அணிந்த குழந்தை சில வேளை தந்தையின் குரலுக்கே முதலில் திரும்புகிறது.

எதிர்வாதம் உண்டு: தறி ஓசையில் என்ன கேட்கும்? ஜக்கார்டு அட்டை ஏறி இறங்கும் சத்தத்தையும் மிதியின் சத்தத்தையும் காது மெஷின் பேச்சோடு சேர்த்தே பெருக்கும். பெருக்கிய இரைச்சலில் சொல் அமிழ்ந்துபோகும். இது உண்மை. ஆனால் நெசவு இடைவிடாத ஓட்டமன்று. இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சிட வேண்டும். தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். நெய்த துணியைச் சுற்ற வேண்டும். இந்த இடைவேளைகளில் பேசினாலே நாளொன்றுக்குப் பல உரையாடல்கள் தேறும். அவை பாடமாக இருக்க வேண்டியதில்லை. 'நூல் அறுந்துபோச்சு', 'சிவப்பு நூல் எடு' என்பன, கையில் பொருளைக் காட்டியபடி நாளும் சொல்லப்படும் வாக்கியங்கள். பயிற்றுநர் படஅட்டையில் காட்டும் ஆப்பிளைவிட அக்குழந்தைக்கு நெருக்கமானவை.

தந்தைக்குத் தனியே ஒப்படைக்கத்தக்க வேலைகளும் உள்ளன. காலையில் தறியில் இறங்குமுன் 'ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம்' என்ற ஆறு ஒலிகளையும் வாயை மறைத்துச் சொல்லி, குழந்தை எதற்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்பவில்லை என்று பார்ப்பது அவற்றுள் ஒன்று. டேனியல் லிங் வகுத்த இச்சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். 'ஷ்', 'ஸ்' இரண்டுக்கும் திடீரென்று திரும்பாவிட்டால் பாட்டரியையோ குழாயையோ பார்க்க வேண்டும். காதுக்குள் பொருந்தும் செவியச்சு தளர்ந்தால் காது மெஷின் விசிலடிக்கும்; வளரும் குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதிதாக வார்க்க வேண்டும். நுண்ணிய இழைகளைப் பிரித்துப் பழகிய கைக்கு இந்த வேலை கடினமில்லை. இஸ்ரேலில் சாரா இங்பர், தோவா மோஸ்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தன்னால் முடியும் என்று நம்பும் தந்தையரே கூடுதலாக ஈடுபட்டனர். அந்த நம்பிக்கை அறிவுரையால் வருவதைவிட, கையில் ஒரு வேலை இருப்பதால்தான் வருகிறது.

தந்தை உடனிருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், வீட்டில் எழும் பழிச்சொல். 'அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்' என்ற ஆறுதலிலும் நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும் முதல் ஆண்டு கழிந்துவிடுகிறது. குறை உறுதியானதும் விரல் தாயை நோக்கி நீளுகிறது. மரபியல் சொல்வது வேறு. இந்தியாவில் பிறவிச் செவிட்டுக்கு முதன்மையான மரபணுக் காரணங்களுள் ஒன்றான ஜி.ஜே.பி.2 மாற்றம் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். உறவுத் திருமணம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாட்டில் இந்த வாய்ப்பு கூடுதல். இதை மருத்துவர் வாயால் தந்தையே கேட்டால், வீட்டில் தன் தாயிடம் எடுத்துச் சொல்லவும் அவரால் முடியும். மனைவி சொன்னால் அது எடுபடுவதில்லை.

பேச்சுவழியா சைகைவழியா என்ற பழைய வழக்கிலும் தந்தையின் பங்கு பற்றிய இதே கேள்வி எழுகிறது. இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் அமைந்தபின் சைகைமொழியைக் கற்கும் வழிகள் பெருகியுள்ளன. கருவியால் பயன்பெறாத குழந்தைக்கு அதைக் காலம் தாழ்த்தாமல் தருவதே முறை. ஆனால் தாய் மட்டும் சைகை கற்ற வீட்டில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே அவள் வாழ்நாள் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறாள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இருவரும் சேர்ந்தே கற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் நாள்களில் தறி எப்படியும் நிற்கும். பயிற்றுநரின் வீட்டு வருகையை அந்நாள்களில் வைத்துக்கொண்டால் தாயும் தந்தையும் ஒருசேரக் கிடைப்பர். பதிவேட்டில் தந்தையின் வருகைக்கும் தனிக்கட்டம் வேண்டும். பயணப்படி தாய்க்கு மட்டும் என்றில்லாமல், நின்றுபோன தறிநாளுக்கான ஈட்டுத்தொகையாகக் கணக்கிடப்பட வேண்டும். காக்ளியர் கருவிக்குப் பல லட்சம் ஒதுக்கும் அரசு, அக்கருவி பயன்படுவதற்கான இச்சிறு தொகையை ஒதுக்காமலிருப்பதற்கு நியாயமில்லை.