காந்தேசத்துப் 'பட்' பாசனம்

கோடைக்காலத்தில் நம் காலனிக் குழாயில் நாளுக்கு ஒரு மணி நேரமே தண்ணீர் வரும்போது, மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் நிகழும் சொற்போரை அறியாதவர் இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் எவரும் இரார். ஒரு குழாய்க்கே இப்பாடு என்றால், பல ஊர்கள் ஒரு நதியை நம்பிப் பயிர் செய்யுமிடத்து மழை பொய்த்தால் என்ன ஆகும்?

ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்றைப் பெருமையுடன் சொல்லலாம். 2016 ஏப்ரலில், மராத்வாடாவின் லாத்தூர் நகரம் குடிநீரின்றித் தவித்தபோது, மிரஜிலிருந்து சுமார் 340 கி.மீ. தூரம் ரயிலிலேயே தண்ணீர் சென்றது. முதல் வண்டியில் பத்து டாங்கி வாகன்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் லிட்டர். ஆயினும் அது குடிநீர். பயிருக்கு வேண்டிய நீரை வாகனில் ஏற்றிக் கொணர முடியுமோ? அதனை உள்ளதைக்கொண்டே பங்கிட்டாக வேண்டும். அவ்வாறு பங்கிட ஒரு முறை நாம் வாழும் இக்காந்தேசத்தை ஒட்டியே பன்னெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. அதுவே 'பட்' முறை.

துலே, நாசிக் ஜில்லாக்களில் பாயும் பாஞ்ச்ரா, மோசம், ஆரம் முதலியவை, நேராகவோ கிர்ணாவில் கலந்தோ, நம் தபதியை அடையும் நதிகள். இவற்றின் குறுக்கே 'பந்தாரா' எனப்படும் கல்லணைகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஊரார் பாசனம் செய்தனர். இம்முறை 300, 400 ஆண்டுப் பழமையுடையது என்பர். பந்தாரா நீரைத் தேக்கிவைக்கும் ஏரியன்று, திருப்பிவிடும் அணையே. ஓர் ஊரின் அணையைத் தாண்டி வழியும் நீர் அடுத்த ஊரின் அணையைச் சேரும்.

வாய்க்காலின் கீழுள்ள நிலம் முழுவதும் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கும். அப்பகுதி ஒவ்வொன்றும் ஒரு 'பட்'. சிறியது 25 ஏக்கர். பெரியது 500 ஏக்கர்வரை இருக்கும். ஒரு பட்டில் ஒரே பயிர்தான். இவ்வாண்டு எந்தப் பட்டில் கரும்பு, எதில் தானியம், எது தரிசு என்பதை ஊரார் கூடி முடிவு செய்வர். மறு ஆண்டு அவை மாறி வரும். நதியில் நீர் குறைந்தால், கரும்பைக் கைவிட்டு, நீர் பாய்ச்சும் பட்டுகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வர்.

நீரைத் திறந்து வயல்களுக்கு விடுபவர் 'பாட்கரி'. நம் நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்போமே, அவரைப் போன்றவர். பயிரைக் காப்பவர் 'ஜாக்லியா', மேற்பார்வை ஹவில்தாருடையது. இவர்களுக்குக் கூலி விளைச்சலில் ஒரு பங்கு. செல்வாக்குள்ளவராயினும் தம் இஷ்டப்படி மடையைத் திறந்துகொள்ள இயலாது.

2009-ஆம் ஆண்டில், சாலிஸ்காவ்-துலே கிளைப் பாதையில் நான் வேலை பார்த்த காலத்தில், உடன் பணியாற்றிய மராத்திய நண்பர் ஒருவரது கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய மாமா வயது முதிர்ந்த குடியானவர். அவருடைய நிலம் ஓரிடமாக இல்லாமல், பட்டுக்கு ஒரு துண்டாகச் சிதறிக் கிடந்தது. "எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு ஒரே இடமாகச் சேர்த்தால் உழவுக்குச் சௌகரியமாயிற்றே, காகா?" என்று என் அறிவைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "ஒரே இடத்தில் இருந்தால், அந்தப் பட் தரிசாகும் ஆண்டில் நான் எதை உண்பது, பாபு?"

முறையின் சூட்சுமம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது. எந்தப் பட்டுக்கு நீர் விட்டாலும் அதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு துண்டு உண்டு. எதை வறளவிட்டாலும் பட்டேலின் துண்டும் ஏழையின் துண்டும் சேர்ந்தே வறளும். ஆகவே, கடைமடைக்காரனை மட்டும் பலியிட்டுத் தலைமடைக்காரன் தப்புவது கடினம். சட்டப் புத்தகத்தால் இதனைச் சாதிப்பது அரிது என்பது என் எண்ணம்.

இதனை ராமராஜ்யம் என்று எவரும் மயங்க வேண்டா. நிலமற்றவனுக்கு இக்கூட்டத்தில் பங்கில்லை. நிலத்தின் அளவும் எல்லோருக்கும் சமமன்று. பிற்காலத்தில் நதிகளின் மேற்பகுதியில் அரசாங்க அணைகள் எழுந்தன. கிணறுகளும் மோட்டார் பம்புகளும் பெருகின. சொந்தக் கிணறு உடையவனுக்கு ஊர்க்கூட்டத்தின் முடிவு எதற்கு? பல ஊர்களில் முறை தளர்ந்தது, சிலவற்றிலே பிழைத்திருக்கிறது.

அந்தக் காகாவும் ஒரு கிணறு வெட்டியிருந்தார். நாங்கள் விடைபெற்றபோது அதில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும் வாய்க்கால் நீர் தம் துண்டுக்கு வரும் நாளை அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்.