விளையாட்டுக் கணினிக்கான சேமிப்பகம்

விளையாடுவதற்கென்று வீட்டில் அமைக்கும் கணினியில் இயங்குதளம், விளையாட்டுகள், ஆடுபவரின் சேவ் கோப்புகள் ஆகியவை நிலையாகத் தங்கியிருக்கும் கருவியே சேமிப்பகம். மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் ராம் நினைவகம் இதில் சேராது. இன்று கடையில் கிடைப்பவை மூன்று: சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க், சாட்டா கேபிளில் இணையும் எஸ்எஸ்டி, மதர்போர்டிலேயே செருகப்படும் என்விஎம்இ எஸ்எஸ்டி. காட்சி எவ்வளவு வழவழப்பாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் முடிவு செய்கின்றன. சேமிப்பகத்தின் கையில் இருப்பவை வேறு: விளையாட்டு திறக்க ஆகும் நேரம், ஒரு களத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காத்திருக்கும் நேரம், விரிந்த உலகில் வேகமாக ஓடும்போது சுவரும் மரமும் பிந்தி முளைக்கும் தொல்லை.

தட்டின் காலம்

முதல் ஹார்ட் டிஸ்க் ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியில் வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள்; அத்தனையிலும் சேர்த்து அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். தட்டு சுருங்கியது, அடர்த்தி பெருகியது. வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை. இன்றும் ஒரு தலை நகர்ந்து சரியான வளையத்தின் மேல் நிற்க வேண்டும். தேவையான இடம் சுழன்று அதன் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று முடிய 8.3 மில்லிநொடி ஆகிறது. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தரவை நொடிக்குச் சுமார் 100 தடவைதான் அதனால் எட்ட முடியும். ஒரே பெரிய திரைப்படக் கோப்பை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் அது படித்துவிடும். விளையாட்டு கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை.

இந்தக் குறையை மறைக்க விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரே தரவைப் பல இடங்களில் எழுதி வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 4இல் 2018இல் வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நியூயார்க் தெருமுனையில் நிற்கும் ஒரு தபால் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஸ்பைடர்மேன் ஊசலாடி எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தப் பெட்டி அங்கே தயாராக இருக்க வேண்டும். அதைத் தேடிப்போகத் தலைக்கு நேரமில்லை. ஆகவே ஒவ்வொரு தெருப்பகுதியின் பொதியிலும் பெட்டியின் நகல் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். அந்த விளையாட்டில் சில தரவுகள் 400 தடவை எழுதப்பட்டிருந்தன என்று பிளேஸ்டேஷன் 5இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் விளக்கினார். இந்தப் பழக்கம் இன்றும் முற்றிலும் போகவில்லை. ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாட்டின் கணினிப் பதிப்பில் இத்தகைய நகல்களை நீக்கியபோது, சுமார் 154 ஜிபியாக இருந்தது சுமார் 23 ஜிபியாகச் சுருங்கியது. ஹார்ட் டிஸ்க்கில் ஆடுபவர்கள் சிலருக்காக மற்ற அத்தனை பேரும் தங்கள் எஸ்எஸ்டியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இதன் பொருள்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகாவின் குழு 1987இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் என்ற சில்லுதான் அதன் அடிப்படை. எந்த மூலையில் இருக்கும் தரவையும் மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எடுத்துத் தருகிறது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 (825 ஜிபி, நொடிக்கு 5.5 ஜிபி), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் (1 டிபி, நொடிக்கு 2.4 ஜிபி) இரண்டுமே எஸ்எஸ்டியோடு வந்ததால், விளையாட்டு நிறுவனங்கள் தட்டை மறந்து எழுதத் தொடங்கின. 2023இல் வெளியான ‘ஸ்டார்ஃபீல்ட்’ (125 ஜிபி), ‘பால்டர்ஸ் கேட் 3’ (150 ஜிபி) இரண்டும் எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே குறிப்பிட்டன. புதிய விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவும் காலம் முடிந்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

சாட்டாவும் என்விஎம்இயும்

சாட்டா தட்டுகளின் காலத்தில் பிறந்த இணைப்பு. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அதன் வழியே நொடிக்குச் சுமார் 550 எம்பிக்கு மேல் வராது. 2011இல் முதல் வரையறை வெளியான என்விஎம்இ, ஃபிளாஷ் சில்லுக்கென்றே எழுதப்பட்டது. கிராபிக்ஸ் கார்டு பயன்படுத்தும் அதே பிசிஐஇ பாதையில் ஓடுகிறது. மூன்றாம் தலைமுறைப் பாதையில் நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7,000, ஐந்தாம் தலைமுறையில் 14,000 வரை பெட்டிமேல் அச்சிட்டிருப்பார்கள்.

வாங்குபவர் ஏமாறும் இடம் இந்த எண்தான். சாட்டாவைவிட 25 மடங்கு வேகம் என்றால் விளையாட்டும் 25 மடங்கு விரைவில் திறக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகிறது. அங்கிருந்து என்விஎம்இக்கு மாறும்போது பெரும்பாலான விளையாட்டுகளில் மிச்சமாவது ஒரு சில நொடிகள். சுருக்கி வைத்த தரவை விரிப்பதும் உலகைக் கட்டியெழுப்புவதும் பிராசசரின் வேலை. அது முடியும்வரை எஸ்எஸ்டி சும்மா காத்திருக்கிறது. இந்த இடைஞ்சலைத் தளர்த்த மைக்ரோசாஃப்ட் 2022இல் விண்டோஸுக்குக் கொண்டுவந்த டைரக்ட் ஸ்டோரேஜ் நல்ல ஏற்பாடு. 2023 ஜனவரியில் ‘ஃபோர்ஸ்போக்கன்’ அதைக் கணினியில் முதலில் பயன்படுத்தியது. ஆனால் அதைக் கைக்கொண்ட விளையாட்டுகள் இன்னும் குறைவு. ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நான்காம் தலைமுறையில் அதிகக் கொள்ளளவு வாங்குவதே ஆடுபவருக்குப் பயன்படும்.

இன்னொரு குழப்பம் எம்.2 என்ற பெயர். இது வடிவத்தின் பெயர் மட்டுமே. 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட 2280 என்ற அளவில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. மதர்போர்டின் கையேட்டைத் திறந்து, எந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்தபிறகுதான் பணம் கட்ட வேண்டும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு அணைந்துவிடும். அதையும் கையேடு சொல்லும்.

சில்லின் தரம்

ஃபிளாஷ் சில்லில் தரவு தங்கும் நுண்ணறையான செல் ஒன்றில் மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு பிட் எழுதுவது க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும்; நான்குக்கு 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகமும் ஆயுளும் குறைகின்றன. இதை மறைக்க, எஸ்எஸ்டியின் ஒரு பகுதி தற்காலிகமாகச் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிக்கொள்கிறது. அந்தப் பகுதி நிரம்பியதும் மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டிகளின் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்கக்கூடும். 150 ஜிபி விளையாட்டை ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது, விர்ரென்று ஓடிய பச்சைப் பட்டை பாதியில் தவழத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். படிக்கும் வேகம் இந்த அளவுக்கு விழுவதில்லை. எனவே விளையாட்டை மட்டும் வைக்கும் இரண்டாவது எஸ்எஸ்டி க்யூஎல்சியாக இருந்தாலும் பாதகமில்லை. விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி டிஎல்சியாக இருக்கட்டும்.

தேய்மானத்தைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்பது வழக்கமான உத்தரவாதம். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணினி அதற்கு முன்பே பழசாகிவிடும்.

கொள்ளளவு

1 டிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. வேகம் விழாமல் இருக்க 10 முதல் 20 சதவீதம் காலியாக விட வேண்டும். இயங்குதளமும் போக மிஞ்சும் இடத்தில் 150 ஜிபி அளவுள்ள விளையாட்டுகள் நான்கைந்துதான் கொள்ளும். பல விளையாட்டுகளை மாறி மாறி ஆடுபவருக்கு 2 டிபியே பொருத்தமான அளவு. பழைய சிறு விளையாட்டுகளுக்கும் பதிவுசெய்த காணொளிகளுக்கும் ஹார்ட் டிஸ்க் இன்னும் மலிவான இடம். ஸ்டீம் செயலியில் ஒரு விளையாட்டை ஒரு டிரைவிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் வசதி இருப்பதால், ஆடாத காலத்தில் பெரிய விளையாட்டை அங்கே தூக்கி வைக்கலாம்.

பொருத்துதல்

எம்.2 எஸ்எஸ்டியை ஸ்லாட்டில் சாய்வாகச் செருகினால் மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பயப்படத் தேவையில்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்திப் படுக்கவைத்து, மதர்போர்டோடு வந்த சின்னத் திருகாணியால் முடுக்க வேண்டும். அரிசிமணி அளவேயான அந்தத் திருகாணி தரையில் விழுந்தால் தேடியெடுப்பது பெரும்பாடு; கிண்ணம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. மேலே மூடும் உலோக வெப்பத்தகட்டின் அடியில் ஒட்டும் பட்டையும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இருக்கும். தாளை உரிக்காமல் மாட்டினால் சூடு வெளியேறாது. பல எஸ்எஸ்டிகள் 70, 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டிகளை வெப்பத்தகடு இல்லாமல் ஓட்டவே கூடாது.

போலியும் நகலும்

16 டிபி எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டால் அது போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்று இருக்கும். கொள்ளளவு மட்டும் பெரிதாகக் காட்டும்படி மாற்றப்பட்டிருக்கும். நிரம்பிய பின் எழுதுபவை சத்தமில்லாமல் பழையவற்றை அழிக்கும். ஐயம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே சாகும். விளையாட்டை மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். 100 மணிநேரம் ஆடிச் சேர்த்த சேவ் கோப்பை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். எல்லா விளையாட்டுகளும் அதை இணையத்தில் காப்பதில்லை. அந்தக் கோப்பு பெரும்பாலும் சில எம்பிதான். புதிய எஸ்எஸ்டியை மாட்டும் அன்றே சேவ் கோப்பின் நகலொன்றை ஒரு பென் டிரைவிலாவது எடுத்து வையுங்கள்.