பழைய பேஸ்பால் அட்டைக்குப் பல கோடி ஏன்?

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே போய் ஆறு மாதம் தங்கும்போது, பேரன் உங்களை ஒரு ‘கார்டு ஷோ’வுக்கு அழைத்துப் போகக்கூடும். பெரிய கூடம், வரிசையாக மேசைகள், மேசை நிறைய பேஸ்பால் ஆட்டக்காரர்கள் படம் போட்ட சின்ன அட்டைகள். ஒன்றுக்கு ஒரு டாலர் கேட்பார்கள், பக்கத்திலேயே இன்னொன்றுக்கு ஆயிரம் டாலர் கேட்பார்கள். இந்த வித்தியாசத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். 1880களில் அதில் நடிகைகள், ஆட்டக்காரர்கள் படங்களை அச்சிட்டு வியாபாரத்தைப் பெருக்கினார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை சீக்கிரமே நின்றுபோனது. சிறுவர்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பார்கள். பணப் பேச்சு படியவில்லை என்பாரும் உண்டு. இன்று சுமார் அறுபது அட்டைகளே மிச்சம். 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது.

பிறகு பபிள்கம் கம்பெனிகள் வந்தன. 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட வரிசையின் கடைசிப் பகுதி சரியாக விற்கவில்லை. தேங்கிய பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் வந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனது!

இதைப் பார்த்து 1980களின் கடைசியில் எல்லோரும் அட்டைகளை முதலீடாக நினைத்துப் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார்கள். கம்பெனிகளும் அச்சிட்டுத் தள்ளின. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் வாங்குவார்? அவற்றில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை.

அடுத்தது நம்பிக்கை. 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் ஒரு வாக்னர் அட்டையை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அட்டைகளுக்குத் தரச்சான்று தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் சான்றளித்தது அதற்குத்தான். பத்துக்கு எட்டு மதிப்பெண். அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதை, ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் ஒப்புக்கொண்டார். கேஷ் கவுண்டரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முத்திரை இருந்தாலும் பொருளைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

எனவே வாங்கும்போது நான்கு மூலைகளையும் பாருங்கள். அதே வரிசையின் இன்னொரு அட்டையோடு வைத்து அளவை ஒப்பிடுங்கள். நூறு வருடத்து அட்டை புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதே அட்டை சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று பேரனைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ஆட்டக்காரரின் தேய்ந்த பழைய அட்டை நூறு டாலருக்குள்ளேயே கிடைப்பதுண்டு. ஓய்வூதியக்காரர்களுக்கு அது போதும்.

ஜெபர்சன் பர்டிக் என்ற எளிய தொழிலாளி, மூட்டுவாதத்தோடு போராடியபடி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் சேர்த்தார். அவற்றை விற்காமல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்த சில வாரங்களில், 1963-ல் காலமானார். நியூயார்க் பக்கம் போகிறவர்கள் பேரனிடம் இவரைப் பற்றியும் சொல்லுங்கள்.