உதிரப்போக்கு என்னும் அளவுகோல்: இந்தியாவில் கருப்பைச் சாதனங்களின் வரலாறு

1965-இல் இந்திய அரசு தனது குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'லூப்' என்னும் கருப்பை வளையத்தைச் சேர்த்தது. அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜாக் லிப்பிஸ் வடிவமைத்த, நெளிந்த பிளாஸ்டிக் சாதனம் அது. விலை குறைவு, ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், வேண்டாமெனில் அகற்றலாம். கான்பூரில் அதற்கெனத் தொழிற்சாலை எழுந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சம் பெண்களுக்குப் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் எண்ணிக்கை சரியத் தொடங்கியது.

சரிவுக்கு முதன்மையான காரணங்கள் மிகையான உதிரப்போக்கும் வலியும். அதிகாரிகள் அவற்றைப் பக்கவிளைவு என்றும், ஊரில் பரவிய அச்சத்தை வதந்தி என்றும் வகைப்படுத்தினர். வயலில் நாள் முழுதும் குனிந்து உழைப்பவளுக்கு, தண்ணீரும் மறைவிடமும் அரிதான வீட்டில் வாழ்பவளுக்கு, தீட்டின் பெயரால் அடுக்களையிலிருந்து விலக்கப்படுபவளுக்கு மாதத்தில் கூடும் ஒவ்வொரு உதிர நாளும் வாழ்க்கையையே பாதித்தது. இரத்தசோகை உள்ள உடலுக்கோ அது நேரடியான தீங்கு. இலக்கு என்பது பொருத்திய எண்ணிக்கையைச் சார்ந்திருந்ததால், பொருத்திய பிறகு அவளைப் பார்ப்பதற்கான மருத்துவ ஏற்பாடு மெலிந்தே இருந்தது.

லூப் தளர்ந்ததும் அரசின் கவனம் அறுவை சிகிச்சையின் மீது குவிந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 ஆகிய ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. அந்தக் கட்டாயத்துக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின் சுமை பெண்கள்மீது நிலைபெற்றது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.3 விழுக்காடு; கருப்பைச் சாதனம் 2.1 விழுக்காடு மட்டுமே.

லூப்புக்கு அடுத்து வந்த காப்பர்-டி கருத்தடுப்பில் மேம்பட்டது. காப்பர்-டி 380ஏ பத்தாண்டுகள் பயன்தரும். அதில் ஹார்மோன் இல்லை. எனினும் உதிரப்போக்கை மிகுவிக்கும் இயல்பு அதற்கும் உண்டு. ஃபின்லாந்தின் தபானி லூக்காய்னனும் பாபுலேஷன் கவுன்சிலும் உருவாக்கி, 1990-இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற ஹார்மோன் சாதனம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் சிறிது சிறிதாகக் கசிந்து கருப்பையின் உட்சவ்வை மெலியச் செய்கிறது. முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற கசிவு இருக்கும். பின்னர் உதிரம் வெகுவாகக் குறையும். சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். மாத்திரையைப் போல் நாள்தோறும் நினைவு வேண்டியதில்லை. அறுவையைப் போல் நிரந்தரமும் அன்று. ஆனால் விலை மிகுதி. பாலுறவு நோய்களிலிருந்து காக்கும் ஆணுறையின் பணியை இது செய்யாது. 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என அதே ஆய்வு கூறும் நாட்டில் உதிரம் குறைவது சிறிய நன்மையன்று.

ஆயினும் ஹார்மோன் முறைகள் குறித்த ஐயத்துக்கு இந்தியாவில் வரலாறு உண்டு. நெட்-என் ஊசி மருந்துச் சோதனையில் பெண்களுக்கு உரிய விளக்கம் தரப்படவில்லை என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா உள்ளிட்டோர் 1986-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். மருந்தின் பாதுகாப்போடு, அறிந்து இசையும் உரிமையும் அங்கே வழக்காயிற்று.

ஒழுங்கற்ற கசிவையும் நின்றுபோகும் மாதவிடாயையும் முன்கூட்டியே விளக்காமல் பொருத்தினால், ஹார்மோன் சாதனமும் லூப்பின் வழியில்தான் செல்லும். மாதவிடாய் நிற்பது ஒருத்திக்கு விடுதலை. கருவுற்றோமோ என அஞ்சும் மற்றொருத்திக்குத் தீராத கலக்கம். எந்த முறை சிறந்தது என்பதற்கு மருத்துவம் தரும் விடை தோல்வி விழுக்காட்டோடு நின்றுவிட முடியாது. பொருத்தக் கேட்கும் உரிமைக்கு நிகராக, காரணம் கேட்கப்படாமல் அகற்றிக்கொள்ளும் உரிமையும் இருந்தால்தான் அது அவளுடைய தேர்வாகும். 1965-இன் இலக்குப் பட்டியலில் அதற்கு இடமில்லாமற் போயிற்று.