ஏழு அங்குலத் திரை

2007இல் தைவானின் அசூஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்ற குட்டிக் கணினியைக் கொண்டு வந்தது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. நெட்புக் மோகம் அதில்தான் சூடு பிடித்தது. 2010இல் ஐபேட் வந்தபின் மெல்ல அடங்கியது.

ஓய்வு பெற்ற புதிதில், 2008இல், நானும் ஒன்று வாங்கக் கிளம்பினேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் பெரிய எழுத்தில் இருந்தால்தான் ஓடும். (கண்புரை வேறு!) கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன், திரையில் நாலு வரிகூட நிற்கவில்லை. பதினைந்து அங்குல லேப்டாப்பையே வாங்கினேன். இரண்டரைக் கிலோ. கூடத்து மேசையை விட்டு அது நகரவேயில்லை.

மறு வருடம் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தார். சைகோனில் கழிந்த பிள்ளைப் பிராயத்தைப் பிரெஞ்சும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கையில் அகப்பட்ட தாளில் பென்சிலால் கிறுக்கி வந்தேன். பாதி இன்று எனக்கே புரியவில்லை. கேட்க அக்காவும் இல்லை.