காவலரின் வேலை: ரித்தி பானின் ‘எஸ்-21’ படத்தில் ஒரு காட்சி

ரித்தி பானின் ‘எஸ்-21: கெமர் ரூஜ் கொலை இயந்திரம்’ (2003) பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே காட்சியைச் சுற்றி வருகின்றன. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின்போது எஸ்-21 என்ற பெயரில் இயங்கிய, புனோம் பென்னின் துவோல் ஸ்லெங் சிறையில், காலியாகக் கிடக்கும் அறை ஒன்றில், முன்னாள் காவலர் ஒருவர் தம் அன்றாடப் பணியைச் செய்துகாட்டுகிறார். இல்லாத கைதிகளின் விலங்குகளைச் சரிபார்க்கிறார், எழுந்திருக்கக் கூடாதென்று அதட்டுகிறார், தண்ணீர் கொண்டுவருகிறார், கதவைப் பூட்டுகிறார். வாய் சொல்ல மறுத்ததை உடல் சொல்லிவிட்டது, மனவடு மேலெழுந்துவிட்டது என்பதே இதற்கு நிலைபெற்றுவிட்ட விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணெதிரே நடப்பதை அது பார்க்கத் தவறுகிறது. மனவடு துண்டுதுண்டாக, முன்பின் ஒழுங்கின்றி வரும். காவலரின் செய்கைகளிலோ வரிசை பிசகவில்லை. ஒவ்வொன்றையும் செய்துகொண்டே அதை விளக்கவும் செய்கிறார், பணிக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல. நாம் பார்ப்பது வேலை. பழகித் தேர்ந்த வேலை. கேமரா வாசற்படியைத் தாண்டாமல் நிற்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உள்ளே போனால் கைதிகள் கிடந்த தரையை மிதிக்க நேரும். அவர்கள் மனிதர்களாக இருப்பது கேமராவுக்குத்தான். காவலரின் அசைவுகளில் அவர்கள் சரிபார்க்க வேண்டிய பூட்டுகள் மட்டுமே.

இந்த வாசிப்பை வலியுறுத்த பானின் மற்ற படங்களே இடம் தருகின்றன. 1979இல் தாய்லாந்து முகாமுக்குத் தப்பி, பின்னர் பிரான்சில் குடியேறித் திரைப்படம் பயின்ற அவரது ஆக்கங்களை, இனப்படுகொலைப் படங்கள், உழைப்பாளர் படங்கள் என இரண்டாகப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. எஸ்-21க்கு மூன்றாண்டு முன் வந்த படத்தில், கண்ணாடியிழைக் கேபிளுக்காகக் கம்போடியாவின் குறுக்கே பள்ளம் தோண்டும் ஏழைகளை அவர் பின்தொடர்ந்தார். அங்கும் கேமரா கவனிப்பது கைகளைத்தான்: மண்வெட்டி பிடிக்கும் கை, கூலிக்குக் காத்திருக்கும் கை. யாருடைய உழைப்பு எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்ற அதே கேள்விதான் சிறைக்குள்ளும் தொடர்கிறது என்று கருதுகிறேன்.

வேலை என்று சொல்வது, ‘ஆணையைத்தான் நிறைவேற்றினோம்’ என்ற சாக்குக்குத் துணைபோகாதா? இது புறந்தள்ளக்கூடிய ஆட்சேபம் அல்ல. ஆனால் படமே அதற்கு இடம் தரவில்லை. உயிர் தப்பிய ஓவியர் வான் நாத் அதே கட்டடத்தில் காவலர்களை எதிரே வைத்துக்கொண்டு கேட்கிறார்: நீங்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்றால், இங்கே அடைபட்டுக் கிடந்த நாங்கள் யார்? மனவடு விளக்கம்தான் இருதரப்பையும் ஒரே துயரத்தில் கரைத்துவிடுகிறது; வேலை என்ற பார்வையில் யார் எதைச் செய்தார் என்ற கணக்கு அழியாமல் நிற்கிறது. காட்சி இயக்குநரால் அமைக்கப்பட்டது, ஆகவே சான்றாகாது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இடத்தை இயக்குநர் தரலாம். செய்கைகளின் அந்த நுணுக்கத்தை அங்கே பணிபுரிந்தவரே அறிவார். சிறைத் தலைவர் டூச்சைப் பற்றிய 2011ஆம் ஆண்டுப் படத்தையும் இதே வழியில் பார்க்கலாம். அங்கே வேலை மேசைக்கு ஏறிவிடுகிறது: அறைகளைச் சுற்றிவந்தவர் காவலர், வாக்குமூலங்களின் ஓரத்தில் குறிப்பு எழுதியவர் டூச்.